எழுப்ப ஆள் இல்லாத களம்

ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போன மாமா, 2000-ஆம் வருடக் கோடையில் திரும்பி வரும்போது லாரி கேபினுக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். யாரோ விளையாடிவிட்டு விற்ற பிளேஸ்டேஷன். கூடவே பிளாஸ்டிக் உறையில் ஏழெட்டு வட்டுகள். அவற்றில் மூன்று வட்டுகள் ஒரே விளையாட்டைச் சேர்ந்தவை. ஒரு விளையாட்டுக்கு மூன்று வட்டா என்று வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ என்று மேலே எழுதியிருந்தது. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய அதே 1997 ஜனவரியில்தான் அந்த விளையாட்டும் ஜப்பானில் வெளியானது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ் வழியில் படித்தவன். திரையில் பத்தி பத்தியாக ஆங்கிலம் வரும். நாம் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி வரும் என்பது பெரிய நிம்மதி. லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு ஒரு சொல்லாவது பிடித்துக்கொண்டு, அந்த விடுமுறை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மாயி தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கயிற்றுக் கட்டிலை நடைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். “இவன் யாரு, நம்மாளா? எதுத்தாப்புல நிக்கறவன் யாரு?” என்று முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. எங்கள் கூட்டத்தில் பூ விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அடிபட்டவர்களுக்கு வலு கொடுப்பவள் அவள்தான். ஏரித் என்பது அவள் பெயர். அப்புச்சிக்கு அவள் ‘பூக்காரப் புள்ள’.

முதல் வட்டு முடிகிற இடத்தில் அந்தப் பெண் சாகிறாள். மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள், மேலேயிருந்து இறங்கி வருகிறவனின் நீண்ட வாள் அவளைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நான் கையிலிருந்த எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது முறை, ஐம்பது முறை சண்டையில் விழுந்தவர்களை எழுப்பிய அதே பொத்தான்கள். அப்புச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ளய எழுப்பி உட ஒருத்தரும் இல்லையா கண்ணு?”

“இல்லீங்க அப்புச்சி.”

“அதெப்படி, அப்படியே உட்டுட்டுப் போவாங்க?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

இருபத்தைந்து வருடங்களாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. விளையாட்டில் கதை எவ்வளவு இருக்கலாம், ஆட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் என் அப்புச்சி கைவைத்த இடத்தில் கைவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

*

அவர் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கொங்குச் சீமையில் அண்ணன்மார் கதை தெரியாமல் வளர்ந்தவர்கள் குறைவு. பொன்னி வளநாட்டைத் தாமரை நாச்சியாரும் குன்னுடையாரும் ஆண்டது, பிள்ளை வரம் கேட்டுத் தாமரை தவம் கிடந்தது, பொன்னரும் சங்கரும் பிறந்தது, கூடவே தங்காள் பிறந்தது, வேட்டுவரோடு வந்த பகை, கொம்பன் என்ற காட்டுப் பன்றி, கடைசியில் தன் வாளில் தானே விழுந்து சங்கரும் அவனைத் தொடர்ந்து பொன்னரும் மாய்ந்தது. பாடுகிறவருக்குப் பாடுகிறவர் கிளைகள் மாறும். உடுக்கையை அடித்துக்கொண்டு ஒருவர் பாட, இன்னொருவர் பின்பாட்டுச் சொல்ல, இரவு இரவாகக் கதை நீளும். 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அந்த இரவுகளை ஒலிநாடாவில் பிடித்தார். பின்னாளில் அவரே அதை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் ஆக்கினார். கலைஞர் நாவலாக எழுதினார். 2011-இல் அது படமாகவும் வந்தது.

ஆனால் இந்தக் கதை உயிரோடு இருப்பது நாடாவிலோ தாளிலோ திரையிலோ இல்லை. படுகளத்தில் இருக்கிறது. அண்ணன்மார் மாய்கிற இடத்துக்குப் பாட்டு வந்து சேரும்போது, கேட்டுக்கொண்டிருந்த ஆண்களில் சிலர் அருள் ஏறித் தரையில் விழுகிறார்கள். விழுந்தவர்களைத் தூக்கி வரிசையாகக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். அவர்கள் செத்த வீரர்கள். அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் போகும் தங்காளாக ஒரு பெண் வருகிறாள். தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிறாள். கதையில் அண்ணன்மார் எழுந்து தங்கையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடியும் போய்விடுகிறார்கள். களத்தில் விழுந்தவர்களோ எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறார்கள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசி மாதத்தில் இது பெரும் திருவிழா. சிறிய அளவில் எங்கள் பக்கத்து அண்ணன்மார் கோயில்களிலும் நடப்பது உண்டு.

என் அப்புச்சிக்குக் களம் என்றால் விழுவதும் எழுப்புவதும் சேர்ந்ததுதான். எழுப்ப ஒருத்தி வருவாள் என்ற நம்பிக்கையில்தான் விழவே முடியும். அதனால்தான் பூக்காரப் பெண் தண்ணீருக்குள் இறக்கப்படுவதைப் பார்த்தபோது அவருக்கு அது முடியாத சடங்காகத் தெரிந்திருக்கிறது.

*

ஜப்பானியர்களின் இந்த விளையாட்டு வகை தொடங்கியதே விழுவதையும் எழுவதையும் வைத்துத்தான் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாயம் உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதைக் கணினிக்குக் கொண்டுவந்த ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டும் 1981-இல் வந்தவை. இவற்றை விளையாடி மயங்கிப்போன யூஜி ஹோரி என்ற ஜப்பானியர், 1986 மே மாதத்தில் ‘டிராகன் குவெஸ்ட்’டைக் கொண்டுவந்தார். உருவங்களை அகிரா தோரியாமா வரைந்தார். இசை கோயிச்சி சுகியாமா. விரல் வேகம் இல்லாதவர்களும் பொறுமை இருந்தால் கடைசிவரை போய்ச் சேரலாம் என்பதுதான் அந்த விளையாட்டின் அடிப்படை. சண்டை போடப் போட அனுபவம் கூடும்; அனுபவம் கூடக் கூட நிலை உயரும். ‘லெவல் ஏத்துறது’ என்று நாங்கள் சொன்னோம்.

அதில் தோற்றால் கதை முடிவதில்லை. அரசனின் முன்னால் எழுந்து நிற்போம். அவன் கடிந்துகொள்வான். கையில் இருந்த பொன்னில் பாதி போயிருக்கும். பெற்ற அனுபவம் அப்படியே இருக்கும். அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாளை தொடர வேண்டுமானால், அதே அரசன் இருபது எழுத்துகள் கொண்ட ஒரு தொடரைச் சொல்வான். ஜப்பானியப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அத்தனை நாள் உழைப்பும் திரும்ப வராது. அந்த இருபது எழுத்துக்கு விளையாட்டில் வைத்த பெயர் ‘ஃபுக்காட்சு நோ ஜுமோன்’. தமிழில் சொன்னால், உயிர்த்தெழும் மந்திரம்.

இந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உடுக்கைச் சத்தம் கேட்டது. தங்காளின் கையில் இருந்த தீர்த்தத்தைத்தான் ஹோரி ஒரு பள்ளிப் பிள்ளையின் நோட்டுக்குள் வைத்திருந்தார்.

*

கதையும் ஆட்டமும் என்று பேசும்போது எல்லோருக்கும் தராசுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தட்டில் கதை, மறு தட்டில் சண்டை. ஒன்று கூடினால் மற்றது தூக்கிக்கொள்ளும். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். சேலத்துப் பக்கத்துக் கூத்தைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தத் தராசு என் கையிலிருந்து நழுவிப் போனது.

மேட்டூர், மேச்சேரி வட்டாரத்தில் இன்றும் விடிய விடியக் கூத்து நடக்கிறது. ஏர்வாடியிலிருந்து மு.ஹரிகிருஷ்ணன் நடத்தும் ‘மணல்வீடு’ இதழ் இந்தக் கலைஞர்களை இலக்கிய வாசகர்களின் முன்னால் தொடர்ந்து நிறுத்தி வருகிறது. ‘பகடை துகில்’ ஆட்டத்துக்குப் போய் உட்காருகிற எவருக்கும் சகுனி ஜெயிப்பான் என்பது தெரியும். தருமன் நாட்டை வைத்து ஆடுவான், தம்பிகளை வைப்பான், திரௌபதியையும் வைப்பான் என்பது தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க யாரும் வருவதில்லை. வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவதும், கட்டியங்காரன் ‘நீங்கள் யார்’ என்று கேட்பதும், வெளியே வந்ததும் அடவு போட்டுச் சுழல்வதும், அதே சுழற்சி நூறு தரம் திரும்பத் திரும்ப வருவதும்தான் இரவை நிரப்புகின்றன. சம்பவங்களை மட்டும் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். மீதி நேரமெல்லாம் உடம்பின் வேலை.

ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குத் துச்சாதனன் கூந்தலைப் பற்றும்போது கொட்டகையில் ஒரு மூச்சு அடங்குகிறதே, அது எப்படி வருகிறது? ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வந்திருக்காது. இரவு முழுக்க அந்தத் தாளத்துக்கு நம் உடம்பும் பழகியிருக்கிறது. பழகிய தாளம் அந்த இடத்தில் முறிகிறது. முறிவு நம் உடம்பில் விழுகிறது.

ஜப்பானிய விளையாட்டுகளில் வரும் ஓயாத சின்னச் சண்டைகளை அப்படித்தான் பார்க்கிறேன். நாலு அடி நடந்தால் ஒரு சண்டை. அதே இசை, அதே பட்டியல், அடி, தடு, மருந்து கொடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுப்பு. இளம்பிள்ளையில் தறியில் உட்காருகிறவருக்குத் தெரியும், திரும்பத் திரும்பச் செய்கிற வேலை கைக்குள் ஒரு நினைவை நெய்கிறது என்பது. யாரை எப்போது காப்பாற்ற வேண்டும், யாருக்கு எவ்வளவு தாங்கும், யார் விழுந்தால் யார் எழுப்புவார் என்பதெல்லாம் யோசனையிலிருந்து இறங்கி விரலுக்கு வந்துவிடுகிறது. கதை எழுதுபவர்களுக்கு அந்த விரல்தான் ஏடு.

இதை மிக நன்றாகப் புரிந்துகொண்ட விளையாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1992-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 5’ என்பேன். அதில் நாம் ஒரு சின்னப் பையன். அப்பாவோடு ஊர் ஊராக அலைகிறோம். வழியில் சண்டை வந்தால் நாம் அடிப்பதில் பூச்சிக்குக்கூட வலிக்காது. அப்பா ஒரே வீச்சில் முடித்துவிடுவார். நமக்கு அடிபட்டால் கேட்காமலே வைத்தியம் செய்வார். அவரை நாம் இயக்க முடியாது, அவராகவே செய்வார். அப்பா பாசமானவர் என்று எந்த இடத்திலும் வசனம் வரத் தேவையில்லை. நம் உயிர் எண் குறைந்ததும் உடனே ஏறுகிறது, அதுதான் பாசம். பிறகு ஒரு நாள் பகைவன் நம் கழுத்தில் ஆயுதத்தை வைத்து மிரட்டுகிறான். அதே சண்டைத் திரை வருகிறது. எதிரிகள் அடிக்கிறார்கள். அப்பா திருப்பி அடிக்கவில்லை. முறைக்கு முறை அவர் உயிர் எண் குறைந்துகொண்டே போகிறது. எத்தனை வலிமை அந்த மனிதருக்கு என்பது நம் விரலுக்குத் தெரியும். அதனால் அவர் சும்மா நிற்பது தாங்க முடியாததாகிறது.

அதே விளையாட்டில் வளர்ந்தபின் தெய்வ வாள் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. உலகைக் காக்கப் பிறந்தவன் மட்டுமே ஏந்தக்கூடியது. ஆசையோடு பட்டியலைத் திறந்து மாட்டிப் பார்த்தால் மாட்ட முடிவதில்லை. நாம் அந்த நாயகன் இல்லை. வருடங்கள் போய், கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபின் நம் மகன் கையில் அந்த வாள் பொருந்துகிறது. ஒரு தகப்பனின் இடம் எது என்பதை ஒரு சாமான் பட்டியலின் வழியாகச் சொன்ன கதையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இங்கே எது கதை, எது ஆட்டம் என்று பிரித்துத் தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

*

பிரித்து வைக்கக்கூடியதாக ஆகிவிட்டால் அங்கே ஏதோ பழுது என்று பொருள். 1998-இல் வந்த ‘ஜெனோகியர்ஸ்’ மிகப் பெரிய கனவு கண்ட விளையாட்டு. அதன் இரண்டாம் வட்டில் பெரும்பகுதி, பாத்திரம் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை விவரிப்பதாகவே போகிறது. செய்துமுடிக்க நேரமில்லாமல் போனதன் விளைவு அது. சொல்லப்படும் செய்திகள் பிரமாண்டமானவை. ஊர்கள் அழிகின்றன, கடவுள் விழித்துக்கொள்கிறார். நம் கை மடியில் கிடக்கிறது. நம் ஊரில் ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்கும் நாளில் வசனமாகவே பேசி இரவை ஓட்டிவிடுவது உண்டு. மறுநாள் டீக்கடையில் ‘ஆடவே இல்லீங்க, பேசியே விடிய வெச்சுட்டாங்க’ என்று கேட்கலாம். பேச்சு தப்பாக இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு வராத பேச்சு களத்தில் நிற்காது என்பதுதான் குறை.

எதிர்ப்பக்கத்திலும் பழுது உண்டு. எண்கள் ஏறுவதற்காகவே எண்களை ஏற்றுவது. எதற்காகச் சண்டை என்பது மறந்து சண்டை மட்டும் நிற்பது. இன்று கைபேசியில் வரும் எத்தனையோ விளையாட்டுகள் அந்த ஏற்றத்தை மட்டும் பிய்த்து எடுத்துக் காசாக்குகின்றன. உடுக்கை மட்டும் அடித்துக்கொண்டேயிருக்கிறது, பாட்டு இல்லை. அருள் ஏறுகிறது, இறக்கி வைக்கத் தங்காள் வருவதில்லை. பிள்ளைகள் அதன் முன்னால் கண் சிவந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

*

இனி பூக்காரப் பெண்ணிடம் திரும்ப வேண்டும்.

‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையைத் தொடங்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. தன் தாயை இழந்தபின் உயிர் என்பது என்ன, அது எங்கே போகிறது என்று அவர் யோசித்த யோசனைதான் ஏழாவது விளையாட்டின் மையத்தில் போய்ச் சேர்ந்தது. இந்தப் பின்னணி தெரியாமலே உலகெங்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் அழுதார்கள். அழுததோடு ஒரு வழக்கும் தொடுத்தார்கள். ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்று ஒரு பொருள் உண்டு, கடையில் கிடைக்கும். சண்டையில் விழுந்தவர்மேல் அதைப் போட்டால் எழுந்துவிடுவார். பையில் அது பத்து இருபது கிடக்கும்போது அவள்மேல் ஒன்றைப் போட ஏன் விடவில்லை? கதையும் ஆட்டமும் முரண்படுவதற்கு உதாரணமாக இன்றுவரை எல்லோரும் காட்டுவது இதைத்தான்.

என் அப்புச்சி கேட்டதும் இதே கேள்விதான். அதனால் இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி விளையாடிப் பார்த்தபோது, அதைச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும் என்பது புரிந்தது. அவள் சாவதற்குச் சற்று முன்னால் நாயகன் க்ளவுட் தன் வசம் இழந்து நிற்கிறான். ஆட்டம் நம் கைக்கு வருகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவன் ஓர் அடி முன்னே வைக்கிறான்; வாளை ஓங்குகிறான்; அவளையே வெட்டப் பார்க்கிறான். இத்தனை மணி நேரம் காப்பாற்றப் பழகிய விரல், அழுத்தினால் கொல்லும் என்ற இடத்தில் நிற்கிறது. அழுத்தாமல் இருந்தால் கதை நகராது. பிறகு அவன் தன்னை அடக்கிக்கொள்கிறான். மூச்சு விடுகிறோம். அப்போதுதான் மேலேயிருந்து வேறொருவனின் வாள் வருகிறது.

உடனே ஒரு சண்டை வருகிறது. சண்டை என்றால் எப்போதும் வரும் அடிதடி இசை அங்கே வருவதில்லை. நோபுவோ உவேமாட்சு அவளுக்காக அமைத்த மெல்லிய இசையே தொடர்கிறது. நாம் அடிக்க வேண்டும், தடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். காதில் அவள் இசை. விழுந்த மற்றவர்களை ஃபீனிக்ஸ் டவுன் போட்டு எழுப்பவும் செய்கிறோம். அவளை மட்டும் முடியாது. சண்டை முடிந்து பட்டியலைத் திறந்தால் அவள் பெயர் இருந்த இடத்தில் அவள் இல்லை. எங்கள் கூட்டத்தின் வைத்தியச்சி அவள். அடுத்த சண்டையில் அடிபட்டதும் விரல் அவளைத் தேடிப் போனது. இழவு வீட்டில் காலையில் எழுந்ததும் இறந்தவருக்கும் சேர்த்து டீ ஊற்றிவிடுவார்களே, அந்தக் கைமறதி எனக்கு முதன்முதலில் வந்தது ஒரு வீடியோ கேமில்தான்.

வழக்குத் தொடுத்தவர்கள் முரண் என்று சொன்ன இடம்தான் கதை இறங்கிய இடம் என்று இப்போது நினைக்கிறேன். ஐம்பது முறை எழுப்பிய கைக்குத்தான் ஐம்பத்தோராவது முறை எழுப்ப முடியாமல் போவது என்னவென்று தெரியும். முதலிலிருந்தே எழுப்பும் வழக்கம் இல்லாத விளையாட்டாக இருந்திருந்தால் அவள் சாவு ஒரு செய்தியாக முடிந்திருக்கும். எழுப்ப ஆள் இருந்தது, அப்புச்சி. அது நான்தான். என் கையைக் கட்டிப்போட்டு என்னைக் களத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

*

ஆனால் கட்டிப்போடுவதோடு நின்றுவிட்டால் அப்புச்சியின் கேள்வி பாதிதான் தீரும். கையை அவிழ்த்துவிடுகிற விளையாட்டுகளும் ஜப்பானியர்களிடம் உண்டு என்பதை அவருக்குச் சொல்லக் கிடைக்கவில்லை.

1995-இல் வந்த ‘சுய்கோடன்’, 108 வீரர்களைப் பற்றிய சீனத்துப் பழங்கதையிலிருந்து எண்ணிக்கையை எடுத்துக்கொண்டது. 108 பேரையும் ஊர் ஊராகப் போய்த் தேடிச் சேர்க்க வேண்டும். நாயகனைத் தாய்போல வளர்த்த பணியாள் நடுவில் இறந்துவிடுகிறான். ஒருவரும் விடுபடாமல் எல்லோரையும் சேர்த்து வைத்திருந்தால், பின்னால் அவன் உயிரோடு எழுந்து வருகிறான். ஒரு சமையல்காரனை, ஒரு மீனவனை நாம் அலட்சியமாக விட்டுவிட்டிருந்தால் அவன் எழுவதில்லை. ஊர் கூடினால்தான் எழுப்ப முடியும் என்பது அதன் கணக்கு.

1994-இல் ஷிகேசாட்டோ இட்டோய் செய்த ‘மதர் 2’ இன்னும் ஒரு படி போகிறது. கடைசிப் பகையை எந்த ஆயுதத்தாலும் வெல்ல முடியாது. அதுவரை பெரிதாகப் பயன்படாத ‘வேண்டிக்கொள்’ என்ற கட்டளை ஒன்று நம் கூட்டத்துப் பிள்ளைகளில் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அதை அழுத்த அழுத்த, வழியில் நாம் சந்தித்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எங்கோ இருந்து பிள்ளைகளுக்காக வேண்டுகிறார்கள். இறுதியில் அந்த வேண்டுதல் விளையாடிக்கொண்டிருக்கும் நம் பெயருக்கே வந்து சேர்கிறது. ‘அர்ச்சுனன் தபசு’ நடக்கும்போது மரத்தின் உச்சியிலிருந்து வேடக்காரர் எறியும் எலுமிச்சைக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்தி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மேலே தவம் செய்பவர் அர்ச்சுனன். கீழே ஏந்திய மடி இந்த வருடத்தின், இந்த ஊரின் மடி.

யோகோ டாரோவின் ‘நீயர் ஆட்டோமேட்டா’ 2017-இல் வந்தது. முடிவுக்குப் போகும் கடைசிப் போராட்டத்தில் நாம் தனியாகத் தோற்றுக்கொண்டேயிருப்போம். அப்போது உலகில் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத விளையாட்டுக்காரர்கள் நமக்குத் துணையாக வருவார்கள். வந்தவர்கள் நமக்காக அழிந்துபோவார்கள். எல்லாம் முடிந்தபின் விளையாட்டு நம்மைக் கேட்கும்: நீயும் முகம் தெரியாத ஒருவருக்கு உதவுவாயா? உதவுவதென்றால், இத்தனை நாள் சேர்த்துவைத்த உன் ஆட்டப் பதிவு முழுவதையும் அழித்துவிட வேண்டும். நான் ‘சரி’ என்று அழுத்தினேன். என் கண்முன்னால் ஒவ்வொரு பக்கமாக அழிந்தது. வேண்டுதல் வைத்துப் படுகளத்தில் விழுகிறவரின் மனம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எட்டியது.

*

அண்ணன்மார் கதையை விளையாட்டாக்கினால் எப்படியிருக்கும் என்று நண்பர்களோடு பேசும்போதெல்லாம், கொம்பன் பன்றியோடு போடும் சண்டையைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஆசை. ஆட்டம் தங்காளின் கையில் இருக்க வேண்டும். அண்ணன்மார் போருக்குப் போகிறார்கள்; அவள் வீட்டில் இருக்கிறாள். வரப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்தும் தடுக்க முடிவதில்லை. நாள்தோறும் விளக்கேற்றுகிறாள், வாசல் தெளிக்கிறாள், அண்ணன்மாருக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்கிறாள். நூறு தரம் தண்ணீர் தெளித்த அந்தக் கையோடு ஒரு நாள் அவள் காட்டுக்குள் இறங்க வேண்டும். வாசல் தெளிக்கப் பழகிய அதே பொத்தானால் அண்ணன்மாரை எழுப்ப வேண்டும். எழுப்பியவர்கள் பேசிவிட்டுப் போவதையும் அந்தக் கையாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைச் செய்யப் பெரிய செலவோ மின்னும் படங்களோ வேண்டியதில்லை. உடுக்கையின் தாளத்தைக் காதில் வாங்கி வளர்ந்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் போதும். நாமக்கல்லிலும் சேலத்திலும் கணினி படித்துவிட்டு வேலைக்காக வெளியூர் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நான்கு பேர் இவர்களுக்குள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அப்புச்சி போய்ப் பல வருடங்கள் கழித்து ஒரு படுகளத்துக்குப் போயிருந்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. உடுக்கை ஓய்ந்து, விழுந்தவர்கள் வெள்ளைத் துணியின் கீழ் வரிசையாகக் கிடந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் நான்காவதாகக் கிடந்தவர் அவர் வீட்டுக்காரர். எத்தனையாவது முறை விழுகிறார் என்று கேட்டேன். அஞ்சாறு வருசமாக விழுகிறார் என்றார். பேசும்போதும் அவர் பார்வை அந்தத் துணியை விட்டு அகலவில்லை. கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

“எந்திரிச்சிருவாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களாக்கா?” என்றேன்.

“கதை தெரியுமுங்க தம்பி,” என்றார். “ஆனா தண்ணி படற வரைக்கும் தெரியாதுங்க.”